பெயர் ஒன்று, கவலை ஒன்று

என் அக்கா கணவரை ஊரே ‘காதோரம்’ என்றுதான் கூப்பிட்டது. அதில் பாதி கேலி, பாதி பயம். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு, அதாவது எல்லோரும் ‘தலைவர்’ என்று அழைக்கும் அந்தப் பெரிய மனிதருக்கு, இடது காது மந்தம். அதனால் மாமா எப்போதும் அவருடைய வலது காதுப் பக்கம் அரையடி பின்னால் தள்ளி நிற்பார். யாராவது கும்பிட்டுக்கொண்டு நெருங்கினால், தலைவரின் தோளுக்கு மேல் லேசாகக் குனிந்து இரண்டே விஷயம் சொல்வார். பெயர் ஒன்று, கவலை ஒன்று. உடனே தலைவரின் முகம் மலரும். வந்தவரின் பெயரைச் சொல்லி வாய் நிறையக் கூப்பிட்டு, “பையனுக்கு வேலை போயிடுச்சாமே, என்ன ஆச்சு?” என்று தோளில் கை போடுவார். வந்தவர் அப்படியே உருகிப்போவார். எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டு, ‘இத்தனை ஜனத்துல என்னை ஞாபகம் வச்சிருக்காரே’ என்ற பூரிப்போடு வீட்டுக்குப் போய்விடுவார். வந்த வேலை அநேகமாக நடக்காது. அடுத்த தேர்தலில் ஓட்டு மட்டும் தவறாமல் விழும்.

காதும் காதும் வைத்தாற்போல் என்று நாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வோம். மாமா அதையே பிழைப்பாக வைத்திருந்தார்.

முதலில் அவர் வைத்திருந்தது ஜெராக்ஸ் கடை. தலைவர் வீட்டுக்கு எதிர்வரிசையில், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்க வேண்டிய அளவுக்கு ஓர் இடம். மனு கொடுக்க வருகிற ஊர் முழுவதும் நகல் எடுக்க அவரிடம்தான் வரும். மருத்துவமனைச் சீட்டு, வழக்கு நோட்டீஸ், மார்க் ஷீட், இறப்புச் சான்றிதழ் என்று மனிதர்களின் தலையெழுத்தெல்லாம் அவர் கடைக் கண்ணாடிமேல் கவிழ்ந்து கிடக்கும். மாமா வம்பு பேசுகிறவர் அல்ல. ஆனால் ஒரு முறை பார்த்தால் அவருக்கு மறக்காது. ஒருநாள் தலைவர் காரில் ஏறப்போகும்போது ஒரு கிழவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் திருதிருவென்று முழித்தார். பக்கத்தில் நின்ற மாமா கிழவரின் பெயரைச் சொல்லி, “பேத்திக்குக் கண் ஆபரேஷன்” என்று முணுமுணுத்தார். அன்றே தலைவர் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார், கடைக்குப் பூட்டு விழுந்தது.

தலைவர் வீட்டின் முன்கூடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வரிசையாக இரும்பு நாற்காலிகள். சுற்றும்போதெல்லாம் கிறீச்சிடும் மின்விசிறி. தண்ணீர் டிரம்மில் சங்கிலி போட்டுக் கட்டிய டம்ளர். சுவர் முழுக்கத் தலைவர் யார் யாருடனோ கைகுலுக்கும் புகைப்படங்கள். கூடம் திறப்பதற்கு முன்பே மாமா கேட் அருகே போய்விடுவார். வரிசையில் நிற்கிறவர்களோடு வெயில், மழை, பஸ் என்று எதையாவது பேசி, புதிய முகங்களின் பெயரையும் கவலையையும் வாங்கிக்கொள்வார். எதையும் எழுதி வைக்கமாட்டார். “எழுதி வச்சா ஆறிப்போயிடும்” என்பார், என்னமோ காபியைச் சொல்வதுபோல.

இனி என்னைப் பற்றி ஒரு வரி. நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையலும் வராது. ஆகவே இரவுச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சி மாடி. மூச்சு வாங்க ஏறிப் போனால், “வாங்க ப்ரொபசரம்மா, இன்னைக்கு எந்த ராஜா செத்தான்?” என்று மாமா வரவேற்பார்.

அந்த வருடம் எங்கள் துறையில் ஒரு புதுப் பாடம் வைத்தார்கள். பண்டைய ரோமானியச் சமூகத்தையும் நம் நாட்டின் இன்றைய சமூகத்தையும் ஒப்பிட வேண்டும். மாணவிகள் ஒப்பிட்டார்கள். ‘ரோமானியர்கள் எல்லா விதத்திலும் நம்மைப் போலவே வாழ்ந்தார்கள், ஆனால் செல்போன் இல்லாததால் மகிழ்ச்சியாக இருந்தார்கள்’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதற்கு மார்க் போடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தபோதுதான், எதிரே உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து எனக்குப் பொறி தட்டியது.

“மாமா, உங்க வேலைக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே ஆள் வச்சிருந்தாங்க, தெரியுமா?”

“யாரு?”

“ரோமாபுரியில. அங்கயும் பெரிய மனுஷங்க வீட்டு வாசல்ல விடியும்போதே கூட்டம் நிக்கும். உள்ள போய் ஒரு கும்பிடு போடணும். போட்டா ஒரு கூடையில சாப்பாடு, இல்லன்னா சில்லறை.”

“எங்க தலைவர் வீட்ல டீ மட்டும்தான்” என்றார் மாமா.

“பதிலுக்கு இவங்க எலக்ஷன்ல அவருக்கு ஓட்டுப் போடணும், தெருவுல அவர் பின்னால நடக்கணும். அந்தப் பெரிய மனுஷன் பக்கத்துல ஒருத்தன் நிப்பான். எதிர்ல வர்ற ஆளோட பேரைக் காதுல சொல்றதுதான் அவன் வேலை. அவனுக்குன்னு தனிப் பேரே உண்டு, நோமென்கிளாட்டோர்.”

“என்னடி இது, சளி மருந்து பேரு மாதிரி இருக்கு” என்றாள் அக்கா.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா, அந்தக் காலத்துலயே நம்ம வேலைக்கு மரியாதை இருந்திருக்கு. சம்பளம் எப்படி?”

“சம்பளம் கிடையாது மாமா. அவன் அடிமை.”

எனக்குப் பூசி மெழுகிப் பேச வராது. அன்றும் வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை. மாமா பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“அவனுக்கு லீவு உண்டா?”

அன்றிலிருந்து மனிதருக்கு ரோமாபுரிப் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் வகுப்பில் இருக்கும்போது போன் வரும். “ப்ரொபசரம்மா, அந்த ஊர்ல வாடகை வீடு எப்படி?” பதறியடித்து எடுத்தால் இதுதான் கேள்வி. அடுக்கு மாடிக் கட்டடம்தான், பணக்காரன் கீழே, ஏழை உச்சியில், மேலே போகப்போக வாடகை குறையும் என்றேன். “நம்ம வீடேதான்” என்று சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார். இன்னொரு நாள் தலைவரோடு மந்திரி வீட்டுக்குப் போய் வந்து ஒரு கதை சொன்னார். விடிந்தும் விடியாமலும் தலைவரே அங்கே வரிசையில் நின்றாராம். மந்திரியின் காதருகே ஒருவன் குனிந்து தலைவரின் பெயரைச் சொன்னானாம்.

“கவலை என்னன்னு சொன்னான் தெரியுமா? ‘அடுத்த தடவை சீட்டு கிடைக்குமான்னு பயம்’னான். நான் கூட அவ்வளவு கச்சிதமா சொல்லியிருக்கமாட்டேன்.”

ரோமாபுரியிலும் அதே கதைதான் என்றேன். தன் வாசலில் கூட்டத்தை நிற்க வைத்தவன், தன்னைவிடப் பெரியவன் வாசலுக்கு மூச்சிரைக்க ஓடியிருக்கிறான். கோதுமை இலவசம், வேடிக்கை விளையாட்டு இலவசம், கேள்வி கேட்கிற வாய்க்கு மட்டும் விலை அதிகம். நான் சொல்லச் சொல்ல மாமா தலையை ஆட்டி ரசிப்பார். ஆனால் ‘அடிமை’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குத் தொண்டையில் சிக்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் வெளியே வந்தது.

“எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றியே, ஒண்ணு மட்டும் ஒத்துப்போகல. நான் நினைச்சா நாளைக்கே வேலையை விடலாம். அவனால முடியுமா?”

“அப்ப விடுங்களேன்” என்றேன்.

மேஜைக்கு அடியில் அக்கா என் காலை ஓங்கி மிதித்தாள்.

விடமுடியாது என்று எனக்கும் தெரியும். அக்கா மகள் குறைமாதத்தில் பிறந்தவள். உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளையை வைக்கிற கண்ணாடிப் பெட்டி எந்த மருத்துவமனையிலும் காலி இல்லை. தலைவர் ஒரே ஒரு போன் போட்டார், இடம் கிடைத்தது. அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நானும் நின்றேன். “அன்னைக்கு மட்டும் அவர் அந்த போனைப் பண்ணலைன்னா…” என்று மாமா இன்றுவரை தொடங்குவார், முடிக்கமாட்டார். அந்தப் பிள்ளை இப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், அம்மாவிடம் போனில் சண்டை போடுகிறாள், நன்றாக இருக்கிறாள். மாமா மட்டும் அந்தத் தாழ்வாரத்தை விட்டு வெளியே வரவில்லை. கல்யாண நாள், காய்ச்சல், மகளின் பள்ளி விழா எதுவும் அந்தக் காலைக் கூட்டத்துக்கு முன் நிற்கவில்லை. ஊர்க் கவலையெல்லாம் சுமந்துகொண்டு வீட்டுக்கு வருகிறவருக்கு வீட்டுக் கவலையை வைக்க இடம் இருக்காது.

ரோமாபுரியில் அடிமைக்கு விடுதலை உண்டா என்று அவர் ஒருமுறை கேட்டார். உண்டு, எஜமான் மனது வைத்தால். விடுதலைக்கு அடையாளமாகத் தலையில் ஒரு குல்லாய் வைப்பார்கள். எஜமானின் பெயரையே அவனுக்கும் வைத்துவிடுவார்கள். அதற்கப்புறமும் அவன் அவருக்குக் கடமைப்பட்டவன்தான், காலையில் போய்க் கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டும். “அப்ப என்ன விடுதலை?” என்றார் மாமா. அதே பேச்சில், வயதான பெயர்சொல்லி அடிமை ஒருவனைப் பற்றிப் படித்ததையும் சொன்னேன். மறதி வந்துவிட்டால் அவன் வாயில் வந்த பெயரை இட்டுக்கட்டிச் சொல்லிவிடுவானாம். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்படிச் சிரித்துச் சில வாரம்கூட ஆகியிருக்காது, அவருக்கே அது நடந்தது.

எங்கள் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர். அவர் கணவர் பஸ் டிரைவர். நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு நோயாளி. இரண்டு நோயாளிகளின் மனைவிகளும் சேர்ந்தே தலைவரைப் பார்க்க வருவார்கள், சேர்ந்தே போவார்கள். டிரைவர் இறந்துபோனார். மற்றவர் பிழைத்துக்கொண்டார். அன்று காலை தையல்கடை அம்மா மட்டும் தனியாக வந்தார். மாமா குனிந்து பெயரைச் சரியாகச் சொன்னார். கவலையை மாற்றிச் சொல்லிவிட்டார்.

“வாங்கம்மா, வாங்க” என்று தலைவர் இரண்டு கையையும் நீட்டினார். “வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? நடக்க ஆரம்பிச்சிட்டாரா?”

அந்த அம்மா கோபப்படவில்லை. தெரியாதவருக்குத் தகவல் சொல்வதுபோல, “நீங்கதாங்க வந்து மலர் வளையம் வச்சீங்க” என்றார்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. தலைவர் அசருவாரா? அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “என் மனசு அதை இன்னும் ஏத்துக்கலம்மா, அதான் வாய் அப்படிக் கேட்டுருச்சு” என்று ஒரே போடாகப் போட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தச் சாமர்த்தியத்துக்குத்தான் ஓட்டு விழுகிறது. கூட்டம் கலைந்த பிறகு, “யோவ், தூங்கிட்டியா?” என்று கேட்டதோடு தலைவர் விட்டுவிட்டார்.

மாமாதான் விடவில்லை. அன்று சாப்பிடவில்லை. மறுநாள் தையல் கடை வாசல் வரை போய்விட்டு உள்ளே நுழையத் தைரியமில்லாமல் திரும்பி வந்தார். அவர் பயந்தது அந்த ஒரு தப்புக்காக மட்டும் அல்ல. மாமாவின் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்துபோனது. சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து, “நீங்க யார் வீட்டுப் பொண்ணும்மா?” என்று மரியாதையாகக் கேட்பார். மாமா அதைக் கண்ணெதிரே பார்த்தவர். இப்போது அந்த நோய் தன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார். வாசலில் நின்று செருப்பு போட்டுக்கொண்டே எதிர்வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைத் தனக்குத்தானே ஒப்பித்துக்கொள்வார்.

நானும் அக்காவுமாக அவரை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். டாக்டர் சின்ன வயசு, நிதானமானவர். மூன்று வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். குடை, ஆப்பிள், சாவி. அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார், கழித்தல் கணக்குப் போடச் சொன்னார், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திக் கோடு விழுந்தது.

“இப்ப அந்த மூணு வார்த்தையைச் சொல்லுங்க.”

“குடை, ஆப்பிள், சாவி. வெளிய டோக்கன் குடுக்குற பொண்ணுக்குப் பல் வலி, டாக்டர். காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. பயத்துல பல் டாக்டர்கிட்ட போகாம இருக்கு.”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல சார்” என்று எங்கள் வயிற்றில் பாலை வார்த்தார். “மறதி வேற, களைப்பு வேற. பஸ்ஸுல நிக்கவே இடம் இல்லாதப்போ புதுசா ஒருத்தர் ஏறினா, யாராவது ஒருத்தர் கீழ விழத்தான் செய்வாங்க. கொஞ்சம் பேரை இறக்கி விடுங்க. நல்லாத் தூங்குங்க.”

எனக்கு அந்த டாக்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மாமா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்திருக்கப்போகும் நேரத்தில்தான் அக்கா வாயைத் திறந்தாள். அவள் அதிகம் பேசாதவள்.

“டாக்டர், இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. எனக்கு எந்தக் கால்ல மூட்டு வலின்னு இவரைக் கேளுங்க.”

மாமா கைக்குட்டையை எடுத்தார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வலது” என்றார்.

அக்கா இடது காலை நீட்டினாள். முட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டைத் துணி பல மாதம் துவைத்துத் துவைத்து நிறம் போயிருந்தது. உச்சி மாடி வீட்டுக்கு அந்தக் காலோடுதான் அவள் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் யாருக்கு எந்த மூட்டு தேய்ந்திருக்கிறது என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர் அவள் கணவர். டாக்டர் தன் பேனாவின் மூடியை ரொம்ப அக்கறையாகத் திருகிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தார். நடுவில் ஒருமுறை, யாரும் கேட்காமலே, “இடது” என்றார். இறங்கும் இடம் வருவதற்குள் இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டார். வீட்டுப் படிக்கட்டின் கீழே நின்று, அக்காவின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “வேலையை விட்டுடறேன்” என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, தலைவரிடம் போய் அதைச் சொல்வதற்குள் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என்னை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார். நான்தான் தலைவர். நான் கோபப்பட வேண்டும், கெஞ்ச வேண்டும், அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஞாபகப்படுத்த வேண்டும். எதற்கு என்ன பதில் என்று தயார் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனார். போனவர் அரை மணியில் திரும்பிவிட்டார்.

“என்ன மாமா சொன்னார்?”

“‘சரிய்யா, உடம்பைப் பாத்துக்கோ, ஒரு விழா வச்சிடலாம்’னார். உடனே வேற போன் வந்துருச்சு.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “நல்லதுதான். தொந்தரவு இல்லாம முடிஞ்சிருச்சு. ஆனா ‘இருய்யா’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அடுத்த வாக்கியத்தைக் கேட்கும்வரை. “முழுசா விட்டுட முடியாது பாரு. நன்றின்னு ஒண்ணு இருக்குல்ல. வாரத்துல ஒரு நாள் காலையில போய் நின்னுட்டு வந்துடறேன். புது ஆளுக்கும் உதவியா இருக்கும்.”

எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை வைத்த வேகத்துக்குத் தண்ணீர் மேஜை முழுக்கச் சிந்தியது. வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாளாகும், இரண்டு நாள் தினமும் ஆகும். குல்லாய் வைத்த பிறகும் வாசலில் போய் நிற்கிற அந்த ஆள் இதோ என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். திட்டித் தீர்த்தேன். மாமா பிடி கொடுக்கவே இல்லை. “உனக்குப் புரியாது ப்ரொபசரம்மா. அன்னைக்கு மட்டும் அந்த போன்…” என்று ஆரம்பித்தார். அக்கா எழுந்து துணியெடுத்து மேஜையைத் துடைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

விழா பொது மண்டபத்தில் நடந்தது. மேடையில் பெரிய பேனர். பேனரில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார், இடது ஓரத்தில் மந்திரி, வலது ஓரத்தில் மந்திரியைவிடவும் பெரியவர் ஒருவர். நடுவில் ‘பாராட்டு விழா’ என்று எழுதியிருந்தது. யாருக்கு என்பதற்கு இடம் பற்றவில்லைபோலும். பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம், அதன் முகப்பிலும் தலைவரின் பெயர். நானும் அக்காவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். தலைவருக்கு இன்னொரு நிகழ்ச்சி இருந்ததால், பரிசைக் கொடுத்த கையோடு முதல் பேச்சும் அவருடையதுதான். மாமாவுக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தும், பழக்கம் விடாமல் எழுந்து வலது பக்கம் அரையடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

தலைவர் நன்றாகப் பேசுவார். நிழல்போல் கூட இருந்தவர் என்றார், கண்ணும் கருத்துமாக உழைத்தவர் என்றார், குடும்பத்தில் ஒருவர் என்றார். குரல் தழுதழுத்தது. “இப்படிப்பட்ட ஒரு மனிதரை, என் உடன்பிறவாத தம்பியை, நான் எந்நாளும் மறக்க மாட்டேன். அவர்தான் நம்முடைய அன்புக்குரிய…”

நின்றுவிட்டார்.

உணர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று கூட்டம் நினைத்துக் கை தட்டியது. எனக்கு மட்டும் சட்டென்று புரிந்தது. இத்தனை வருடமாக அவர் மாமாவை ‘யோவ்’ என்றே கூப்பிட்டவர். மற்றவர்களுக்கு அவர் ‘காதோரம்’. மைக்கில் ‘காதோரம்’ என்று சொல்ல முடியுமா? கை தட்டல் ஓய்ந்தது. தலைவர் அசட்டுச் சிரிப்போடு, தன்னையறியாமல், தலையை வலது பக்கம் லேசாகச் சாய்த்தார். பெயர் மறந்தால் அவர் எப்போதும் சாய்க்கிற அதே சாய்வு.

‘சொல்லாதீங்க மாமா, முழிக்கட்டும்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மாமா ஒரு நொடி அந்தக் காதைப் பார்த்தார். பிறகு தலைவரின் தோளுக்கு மேல் லேசாகக் குனிந்து, தன் பெயரைச் சொன்னார். அது மட்டும் அல்ல, வாய் இன்னும் கொஞ்சம் அசைந்தது. அவர் என்றைக்குப் பெயரோடு நிறுத்தினார்?

தலைவரின் முகம் மலர்ந்தது. மாமாவின் முழுப் பெயரையும் மண்டபம் அதிரச் சொன்னார். அதே சுருதியில், அதே கனிவில், மூன்றாவது வரிசையைத் துழாவி எங்களைக் கண்டுபிடித்து, கையை நீட்டிக் கேட்டார்.

“அம்மா, உங்களுக்கு இடது கால்ல மூட்டு வலியாமே. மாடி ஏற முடியலையாமே. இப்ப எப்படிம்மா இருக்கு?”

மண்டபமே திரும்பி அக்காவைப் பார்த்தது. அக்கா எழுந்து கும்பிட்டாள், உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்து குலுங்கினாள். எனக்கும் கண் மறைத்தது. மேடையில் மாமா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்தபடி. பாரம் இறக்கிய மனிதரை நான் அவ்வளவு தெளிவாகப் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து, அக்காவைக் கைத்தாங்கலாக ஒவ்வொரு மாடியிலும் நிற்கவைத்து ஏற்றிவந்த பிறகு, நான் சண்டைக்கு நின்றேன்.

“எதுக்கு மாமா சொன்னீங்க? கொஞ்ச நேரம் அவர் முழிச்சிருந்தா என்ன?”

“நான் பேர் சொல்ல வேண்டிய கடைசி ஆளு” என்றார் மாமா, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. “விட்டுட்டு வர மனசு வரல.” பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ப்ரொபசரம்மா, விடுதலையாகிப் போறவனுக்கு அந்த ஊர்ல எஜமான் பேரை வச்சு அனுப்புவாங்கன்னு சொன்னியே. இங்க பாரு, எஜமானுக்கு நான் என் பேரைச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்கேன். இதை உன் பொண்ணுங்களுக்குப் பாடமா வை.”

“அப்ப வாரத்துல ஒரு நாள் போறது?”

“எதுக்கு?” என்றார் மாமா. “நான் போய் நின்னா, என் பேரை அவருக்கு யார் சொல்றது?”

சொல்லிவிட்டு எழுந்து போய் வெந்நீர் வைத்தார். வாளியைத் தூக்கிவந்து அக்காவின் எதிரே தரையில் உட்கார்ந்து, எதையும் கேட்காமல் இடது காலின் பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தார்.